பழைய பிரிட்ஜ் கேமராவைக் கொடுத்துப் புதியது எடுக்கிறீர்களா? எதைத் தலையில் கட்டுகிறார்கள் என்று பாருங்கள்

எக்ஸ்சேஞ்சில் பிரிட்ஜ் கேமரா (லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் கொண்ட கேமரா) மாற்றுபவர்கள் ஏமாறும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். கையில் இருப்பது பானசோனிக் எஃப்ஸெட்200 என்று வையுங்கள். "இது 2012 மாடல் சார், இதோ 60 எக்ஸ் ஜூம், 18 மெகாபிக்சல்" என்று எஃப்ஸெட்82-ஐ எடுத்து நீட்டுவார்கள். 12 மெகாபிக்சலும் 24 எக்ஸ் ஜூமும் வைத்திருப்பவருக்கு அது பெரிய பாய்ச்சலாகத் தெரியும். மாலை மங்கலில் ஒரு பறவையை எடுத்துப் பார்த்தபின்தான் பழையதே தேவலை என்று தோன்றும். அது பிரமை இல்லை.

இரண்டிலும் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, ஒரே அளவு, 1/2.3 இன்ச். எஃப்ஸெட்200-இன் லென்ஸ் 25-600 மி.மீ.; ஜூமை எங்கே வைத்தாலும் எஃப்/2.8 கிடைக்கும் (இந்த எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்). எஃப்ஸெட்82-இன் லென்ஸ் 20-1200 மி.மீ.; முழு ஜூமில் எஃப்/5.9 தான். அதாவது உள்ளே வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. முன்பு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400-இல் கிடைத்த ஷட்டர் வேகம் வேண்டுமென்றால் இங்கே 1600-ஐத் தாண்ட வேண்டும். 1200 மி.மீ.-இல் கை நடுக்கம் இன்னும் பெரிதாகத் தெரியும் என்பதால் வேகத்தைக் குறைக்கவும் வழியில்லை. இவ்வளவு சிறிய சென்சாரில் ஐஎஸ்ஓ அங்கே போனால், இரைச்சலை (படத்தில் தெரியும் புள்ளிகளை) நீக்கும் மென்பொருள் இறகின் இழைகளையும் சேர்த்தே வழித்துவிடும். போதாததற்கு, எஃப்ஸெட்200-இல் திருப்பிக்கொள்ளும் திரை இருந்தது. எஃப்ஸெட்82-இல் அது அசையாது. பழைய பேட்டரி பொருந்தாது, 52 மி.மீ. ஃபில்டரும் பொருந்தாது.

எஃப்ஸெட்82 மோசமான கேமரா என்று சொல்லவில்லை. நிலாவையும், பகலில் தூரத்துக் கோபுரத்தையும் எடுக்க நல்ல கருவி. எஃப்ஸெட்200-க்கு அடுத்த படி என்று விற்பதுதான் பித்தலாட்டம். அந்த லென்ஸின் உண்மையான வாரிசு 2015-இல் வந்த எஃப்ஸெட்300: அதே 25-600, அதே எஃப்/2.8, அதே பேட்டரி. கூடுதலாகத் தூறல் தாங்கும் உடல், 4கே வீடியோ. அதையும் படத் தரத்துக்காக மாற்றாதீர்கள், சென்சார் அளவு மாறவில்லை. இதில் இன்னொரு சில்லறைத் தந்திரமும் உண்டு. எஃப்ஸெட்300-ம் எஃப்ஸெட்330-ம் ஒரே கேமரா, நாட்டுக்கு ஒரு பெயர். எஃப்ஸெட்80, 82 கதையும் அதேதான். எண் பெரிதாக இருக்கிறது, ஆகவே புதிய மாடல் என்று கூடுதல் விலை சொன்னால் நம்பாதீர்கள்.

நிக்கானிலும் இதே கவனம் வேண்டும். பி900-இலிருந்து பி950-க்குப் போனால் கிடைப்பது ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), 4கே, மேலான வியூஃபைண்டர். லென்ஸ் அதே 24-2000 மி.மீ. 2018-இன் பி1000-க்கும் 2025-இன் பி1100-க்கும் லென்ஸ் ஒன்றே. முழு ஜூமான 3000 மி.மீ.-இல் எஃப்/8; அந்த இடத்தில் விளிம்பு விளைவே (சிறிய திறப்பில் ஒளி வளைந்து பரவுவதே) கூர்மையைத் தின்றுவிடும், எந்த ஆண்டு மாடலானாலும். பெட்டியில் 166 எக்ஸ், 250 எக்ஸ் என்று காண்பது டிஜிட்டல் கணக்கு, படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. லென்ஸ் தரும் ஆப்டிகல் ஜூம் 83-ம் 125-ம்தான்.

படம் கண்ணுக்குத் தெரிய மாற வேண்டுமென்றால் சென்சார் மாற வேண்டும். 1 இன்ச் சென்சார் 13.2 x 8.8 மி.மீ., 1/2.3 இன்ச்சைப் போல நான்கு மடங்கு பரப்பு. எஃப்ஸெட்1000 மார்க் 2, சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 இந்த வகை. முன்னது 400 மி.மீ. வரை, பின்னது 600 வரை. ஜூம் எண் குறைகிறதே என்று வாங்குபவர் தயங்குவார். விற்பவரும் விளக்க மாட்டார், ஏனென்றால் பெரிய எண்ணைக் காட்டி விற்பதுதான் சுலபம்.

அடுத்தது, பிரித்த சரக்கைப் புதிது என்று விற்பது. காலி மெமரி கார்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கேமராவிலேயே ஃபார்மேட் செய்து ஒரு படம் எடுங்கள். கோப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 0001-ஐ விட மிகப் பெரிதாக இருந்தால் அது புதிது அல்ல. 0001 காட்டினாலும் முழு நம்பிக்கை வேண்டாம், மெனுவில் அதை அழித்துவிடலாம். முதல்முறை ஆன் செய்யும்போது மொழியும் தேதியும் கேட்கிறதா பாருங்கள். டிரைபாட் துளையில் கீறல், ஃபிளாஷ் பொருத்தும் தடத்தில் தேய்ந்த வண்ணம், திருகுகளின் தலையில் தழும்பு: இவை பொய் சொல்லாது. பெட்டியிலும் உடலிலும் உள்ள சீரியல் எண் ஒன்றா என்று பார்த்து, அதே எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வாரண்டி சிக்கல் இருக்கிறது என்று அர்த்தம்.

செகண்ட் ஹேண்ட் என்று தெரிந்தே வாங்கினால் லென்ஸில் நேரம் செலவிடுங்கள், அதைக் கழற்றி மாற்ற முடியாது. ஜூம் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றை உள்ளிழுக்கும். கூடவே தூசும் போகும். வெள்ளைச் சுவரை முழு ஜூமில், எஃப் எண்ணை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி எடுங்கள். சாம்பல் நிற வட்டத் திட்டுகள் தெரிந்தால் தூசு சென்சார் வரை போய்விட்டது. முழுக்கப் பிரித்தால்தான் துடைக்கலாம். பிறகு எழுத்து நிறைந்த சுவரொட்டியை நேராக நின்று, ஜூம் செய்யாமல் வைடில் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால் கேமரா கீழே விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். முழு ஜூமில் ஷட்டரைப் பாதி அழுத்தினால் காட்சி அமைதியாக வேண்டும். துள்ளினாலோ ஒரு பக்கம் இழுத்தாலோ நடுக்கம் தடுக்கும் பகுதி போய்விட்டது. டார்ச்சை முன்கண்ணாடியில் சாய்த்து அடித்தால் பூஞ்சை நூல் நூலாகத் தெரியும்.

எக்ஸ்சேஞ்ச் விலையில் நடப்பது தனி நாடகம். போனில் ஒரு தொகை சொல்வார்கள். கேமரா கைக்குப் போனதும் "உள்ளே ஃபங்கஸ் இருக்கே" என்று பாதியாக்குவார்கள்; பெரும்பாலும் அது சாதாரணத் தூசு. அதனால் கொடுக்கும் முன்பே டார்ச் வெளிச்சத்தில் லென்ஸையும் சீரியல் எண்ணையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் பேச்சை எடுக்காமல் புதியதன் ரொக்க விலையை முதலில் கேளுங்கள். போனஸ் என்று தருவது பல நேரம் அந்த விலையில் ஏற்றி வைத்ததுதான். பழையதன் மதிப்பு பில்லில் தனி வரியாக வர வேண்டும். கூடுதல் பேட்டரி, ஹூட் (லென்ஸ் முன் மாட்டும் மறைப்பு), சார்ஜருக்கு மதிப்புப் போடவில்லை என்றால் அவற்றைக் கொடுக்காதீர்கள், தனியாக விற்கலாம். பெட்டியோடு வர வேண்டிய பேட்டரியை எடுத்துவிட்டு மட்டமான நகலைப் போட்டுத் தருவதும் நடக்கிறது, உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலைக் கையேட்டில் பார்த்துச் சரிபாருங்கள்.

பழையதில் கார்டை எடுத்துவிட்டு, வைஃபை அமைப்பையும் மெனுவில் ரீசெட் செய்தபின், புதியதை மேலே சொன்னபடி சோதித்து முடித்துத்தான் அதைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டும். பழையது அலமாரிக்குள் போய்விட்டால் "அது வித்துப் போச்சே" என்பார்கள். அதற்குமேல் பேச்சுக்கு இடமில்லை. ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை இடையில் வெட்டாமல் வீடியோ எடுத்து, குறை இருந்தால் அன்றே எழுத்தில் அனுப்புங்கள்.