மெல்லக் கனியும் காதல்: ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’

பாட்ரீசியா ஹைஸ்மித் 1952இல் கிளேர் மோர்கன் என்ற புனைபெயரில் வெளியிட்ட இந்நாவல், இரு பெண்களுக்கிடையே அரும்பும் காதலைச் சற்றும் அவசரமின்றிச் சொல்கிறது. நியூயார்க் பேரங்காடி ஒன்றின் பொம்மைப் பிரிவில் வேலை பார்க்கும் தெரேஸ், மகளுக்குப் பொம்மை வாங்க வந்த கரோலுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்புகிறாள். அதன்பின் மதிய உணவும், கார்ப் பயணமும், பாதியில் அறுந்துபோகும் பேச்சுமாகக் கதை நகர, நாவலின் பாதியைத் தாண்டிய பிறகே இருவரும் காதலர்களாகிறார்கள். எல்லாம் தெரேஸின் பார்வையிலேயே விரிவதால் கரோலின் மனம் நமக்கும் பிடிபடுவதில்லை. அவள் ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டால்கூட அடுத்த பக்கத்தைப் பதற்றத்துடன்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. நெடும்பயணப் பகுதி ஓரிரு இடங்களில் இழுக்கிறது என்பது உண்மை. ஆனால் கரோலின் கணவன் ஏவிய துப்பறிபவன் இருவரையும் பின்தொடர்வது தெரிந்ததும், மணமுறிவில் மகளை இழக்க நேரிடும் அவளது நிலை அத்தொய்வை மறக்கடித்துவிடுகிறது.