பீரோ மேல் நின்ற ஆன்டெனா: இரண்டு வருட அனுபவம்

போன வாரம் ஹாம் ரேடியோவுக்குப் (பொழுதுபோக்கு வானொலி) புதிதாக வந்த ஒரு நண்பர் கேட்டார். வாடகை வீடு, மொட்டை மாடியில் கம்பம் நட ஓனர் விடமாட்டார். காரின் கூரையில் காந்தத்தால் ஒட்டும் மேக் மவுண்ட் ஆன்டெனாவை வாங்கி வீட்டுக்குள் வைத்தால் ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கித் தொலைவுக்குத் திருப்பி அனுப்பும் நிலையம்) கிடைக்குமா என்று. இரண்டு வருடமாக நான் செய்வது அதையேதான். அதனால் முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது 145 மெகாஹெர்ட்ஸுக்கான கால் அலை விப், அதாவது அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பி. "அப்படியே வச்சுக்கலாம் சார்" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். அட்டைப்பெட்டியிலும் கிரவுண்ட் பிளேன் (ஆன்டெனாவுக்கு அடியில் இருக்கவேண்டிய உலோகப் பரப்பு) பற்றி ஒரு வரி கிடையாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கால் அலை விப் பாதி ஆன்டெனாதான், மறுபாதி காரின் கூரை. இது தெரியாமல் வாங்கும் புதியவர் ரேடியோவையே சந்தேகப்படுவார்.

மர மேஜையில் வைத்தபோது எஸ்.டபிள்யூ.ஆர். 3க்கு மேல். அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் சேராமல் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் அளவு அது; 1 இருந்தால் சிறப்பு. கேபிளைத் தொட்டாலே அளவு மாறும். தகடு இல்லாததால் கேபிளின் வெளிப்பின்னலே மறுபாதியாகிவிட்டது. பேசும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் கரகரத்தது.

அடுத்து சமையலறை. எவர்சில்வர் தாம்பாளத்தில் காந்தம் ஒட்டவே இல்லை. தோசைக்கல்லில் நன்றாக ஒட்டியது, ஆனால் நடுவிலிருந்து விளிம்புவரை 15 செ.மீ.தான். இந்த அலைவரிசைக்குச் சுற்றிலும் 50 செ.மீ. உலோகம் வேண்டும். அளவு 2.5க்குக் கீழே இறங்கவில்லை.

கடைசியில் பீரோ. மேல்தகடு மூன்றடிக்கு ஒன்றரை அடி, விளிம்பிலிருந்து நான்கு பக்கமும் கீழே இறங்கும் இரும்பு. வைத்து அளந்தேன்: 1.4! தட்டையான தகட்டின் மேல் நிற்கும் கால் அலைக்கு மின்மறுப்பு (ரேடியோ மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) ஏறத்தாழ 36 ஓம். 50 ஓம் கேபிளோடு சேரும்போது 1.4தான் வரவேண்டும். புத்தகத்தில் படித்த எண் என் படுக்கையறையில் வந்து நின்ற அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஹேண்டியின் (கையடக்க ரேடியோ) 5 வாட்டில், அதன் ரப்பர் ஆன்டெனாவுக்கு எட்டாத ரிப்பீட்டர் அன்றே கிடைத்தது. ஜன்னல் பக்கம்தான் சிக்னல் நன்றாகப் போகும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் இருக்கும் பக்கம் படு மோசம். பேசும்போது பீரோவை விட்டு நன்றாகத் தள்ளி உட்கார்ந்துகொள்வேன்.

இனி நான் வருந்துகிற விஷயம். அது என் மனைவிக்குச் சீராக வந்த பீரோ. முதல் மழைக்காலம் முடிந்து காந்தத்தை எடுத்தால், பெயின்ட்டில் வட்டமாகத் துருத்தடம். அவள் ஒன்றும் சொல்லவில்லை, துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

அதன்பின் டவலை மடித்து அடியில் வைத்தேன். எஸ்.டபிள்யூ.ஆர். மறுபடி ஏறியது. காரணம் புரிய நாளானது. காந்தத்துக்கும் தகட்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை; நடுவில் பெயின்ட் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர்; இடைவெளி கூடினால் தடையும் கூடும். எட்டு செ.மீ. அகலக் காந்தத்துக்கு இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் 145 மெகாஹெர்ட்ஸில் தடை சில ஓம்தான், பொருட்டில்லை. ஐந்து மில்லிமீட்டர் துணி வந்தால் நூறு ஓமை நெருங்கிவிடும். டவலை எடுத்துவிட்டுப் பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றை விரித்தேன். அளவு 1.4க்கே திரும்பியது. இந்தத் தாள் யோசனையை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தத் தடம் விழுந்திருக்காது.

அப்படியானால் வாங்கலாமா? வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். அதற்குப் பதில் ஒரு எஸ்.ஓ.239 கனெக்டரும் (கேபிளை மாட்டும் சதுர முகப்புள்ள சாக்கெட்) வீட்டு வயரிங்கில் மிஞ்சிய செம்புக் கம்பியும் போதும். நடுக்கம்பி 49 செ.மீ.; கனெக்டரின் நான்கு மூலைத் துளைகளிலும் 52 செ.மீ.யில் ஒவ்வொரு கம்பி, 45 டிகிரி கீழ்நோக்கி வளைத்து. அப்படி வளைத்தால் மின்மறுப்பு 50 ஓம் பக்கம் வந்துவிடும். பால்கனியில் துணிக்கொடி கட்டும் கொக்கியில் தொங்கவிடலாம்.

என் ஆன்டெனா இன்னும் பீரோ மேல்தான் இருக்கிறது, அடியில் காலண்டர் தாளோடு. மாதம் பிறந்தால் தாளை மாற்றுவது இப்போது அவள்தான்.