ஆர்ஓ சர்வீஸ்: கம்பெனி ஆளும் தெருமுனைக் கடைக்காரரும்

மேடவாக்கத்தில் எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1100க்குக் குறையாது. அதைச் சுத்தம் செய்யும் ஆர்ஓ மெஷினில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வருஷ ஒப்பந்தம் போட்டிருந்த கம்பெனியின் ஆள் வந்தார், மெஷினை வெளியில் துடைத்தார், "மெம்பிரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) போச்சு சார்" என்று 3,000 ரூபாய்க்குச் சீட்டு எழுதினார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. நம்பிக்கை வராமல் தெருமுனைக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வெளியே தொங்கும் வெள்ளை டப்பாவைக் கழற்றி உள்ளே இருந்த நூல் ஃபில்டரைக் காட்டினார், டிகாக்‌ஷனில் ஊறப்போட்ட மாதிரி பழுப்பாக, தொட்டால் வழவழவென்று. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது அதனால்தான். அதையும் கார்பன் ஃபில்டரையும் மாற்றி, தொட்டியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் கீழே விடச் சொன்னார். அப்புறம் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் 70தான். மெம்பிரேனுக்கு ஒன்றுமே இல்லை! மொத்தம் 850 ரூபாய். சொன்ன நேரத்துக்கு மட்டும் வரமாட்டார், காலை பத்து என்றால் மாலை நாலு. சரி, அது போகட்டும். நூல் ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று டப்பா கழற்றும் ஸ்பேனரையும் கொடுத்துவிட்டுப் போனார்.