நீலப் பூ வேண்டும்: குறிஞ்சியா, காயாவா?

"அண்ணே, வாசல்ல குறிஞ்சி வைக்கலாமா?" கடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டார். நீலகிரி, மூணாறு பக்கம் 1,300 மீட்டருக்கு மேலே குளிர்ந்த புல்வெளிச் சரிவில் பழகிய செடி அது. கடலூர்ச் சித்திரை வெயிலை எப்படித் தாங்கும்? ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் வேண்டுமானால் முயலலாம். அவர்களுக்கும் 12 வருடம் வெறும் பச்சைதான். ஒருமுறை பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும். 2006, 2018-இல் பூத்தது. அடுத்த முறை 2030. அந்த வருடம் மலைக்கு பஸ் ஏறுவது மேல். அங்கிருந்து பெயர்த்துக்கொண்டு வரும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

நான் காயாவைத்தான் சொல்வேன். காசா என்றும் சொல்வார்கள். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தப் பூ. பெயரைத் தெரிந்த அளவுக்குச் செடியைப் பார்த்தவர்கள் இல்லை. புதுச்சேரி, விழுப்புரம் பக்கத்துக் கோயில் காடுகளில் இன்னும் நிற்கிறது. கடற்காற்றும் கோடையும் அதற்குப் பழக்கம். இலை தடிப்பாக மினுமினுக்கும், மொட்டையாகாது. பூ கிளை நுனியில் வராது. இலை உதிர்ந்த பழைய கிளையின் கணுக்களில், பட்டையை ஒட்டியே கொத்துக் கொத்தாக அப்பிக்கொள்ளும். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சிறிசு, நாலு இதழ், நடுவில் துருத்தி நிற்கும் நீலக் கேசரங்கள். சில நாள்தான், பிறகு தரையில் நீலப்பொடி தூவிய மாதிரி கிடக்கும். அழகுக்காகப் பழைய கிளையைக் கத்தரித்தால் அந்த வருடப் பூ போச்சு.

குறை ஒன்று உண்டு: ஆமை வளர்ச்சி. என் வீட்டுக் கன்று நாலு வருடத்தில் இடுப்பு உயரம்தான். முதல் வருடம் ஒரு சாண்கூட ஏறாததால், செத்துவிட்டதோ என்று பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை. சாதாரண நர்சரியில் கிடைக்காது, நாட்டு மரக்கன்று வளர்ப்பவர்களிடம் கேட்க வேண்டும். விதை கிடைத்தால், கறுத்த பழத்தின் சதையைக் கழுவிவிட்டுப் புதிதாகவே விதைத்துவிடுங்கள்.

அவ்வளவு பொறுக்க முடியாதவர்களுக்கு டிசம்பர்ப் பூ. குறிஞ்சிக்கு ஒரே குடும்பத்துச் சொந்தம். மழைக்காலத்தில் கிளையை ஒடித்து ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், தொடுத்துத் தலையிலும் வைக்கலாம். அபூர்வம் என்று பெருமை பேசத்தான் முடியாது.

தம்பிக்கு இரண்டையும் சொன்னேன். காயாவை நட்டு, மூன்றடி தள்ளி டிசம்பர்ப் பூவை ஊன்றிவிடுங்கள், காயா கண் திறக்கும்வரை வாசல் சும்மா கிடக்காது என்று.