கிளிநொச்சிச் சாதகக் கடையும் எங்கள் பேத்தியின் பெயரும்

கிளிநொச்சி டிப்போச் சந்திக்கு அருகில், ஏ9 வீதியை விட்டு உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில், போட்டோப் பிரதி எடுப்பதோடு கணினியில் சாதகமும் கணித்துக் கொடுக்கும் சிறிய கடை இருக்கிறது. தகப்பனும் மகளும் நடத்துகிறார்கள். பிறந்த பிள்ளைக்குச் சாதகம் எழுதுவிக்க வேண்டியவர்கள் நம்பிப் போகலாம். பெயர் தெரிவு செய்வதற்காக மட்டும் அங்கே காசு கொடுக்க வேண்டாம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

என் மகளுக்கு முதற் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. வயிற்றில் இருக்கும்போதே மகளும் மருமகனும் ‘ஆம்பல்’ என்று பெயர் வைப்பதாக முடிவு செய்துவிட்டார்கள். நாங்கள் மீளக்குடியமர்ந்து விசுவமடுவுக்குத் திரும்பிய காலத்தில் வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. உடையார்கட்டுக் குளத்தில் மட்டும் ஆம்பல் பூத்திருந்தது. அப்போது பள்ளிச் சிறுமியாக இருந்த என் மகள் அதைப் பிடுங்கி வந்து தறப்பாள் கொட்டிலில் தண்ணீர்ப் போத்தலில் போட்டு வைப்பாள். அந்தப் பெயரை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எவரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

மருமகனின் வீட்டார் ஒருவர் பின் ஒருவராக மறுத்தார்கள். பிள்ளையின் அப்பம்மா, பிறந்த நட்சத்திரத்துக்குரிய எழுத்தில் தொடங்காத பெயரைத் தங்கள் குடும்பத்தில் வைத்ததே இல்லை என்றார். கனடாவில் இருக்கும் சித்தப்பா, அங்கே யாருடைய வாயிலும் நுழையாத பெயர் என்றார். ‘மாயா’ என்று வைத்தால் எந்த நாட்டிலும் செல்லும் என்றார். அப்பப்பா நன்றாகத் தமிழ் படித்தவர். அவருடைய மறுப்புத்தான் என்னை யோசிக்க வைத்தது. கணவனை இழந்தவள் உண்ணும் உணவாக ஆம்பலின் அரிசியைப் பாடிய பழம்பாட்டு ஒன்று இருக்கிறது, அந்தப் பூவின் பெயரைப் பெண் பிள்ளைக்கு வைக்கலாமா என்று கேட்டார். நானும் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். காதலியின் வாய் ஆம்பல் மணக்கிறது என்று பாடிய பாட்டும் அதே சங்கத் தொகைகளில்தான் இருக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் இணங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்கு, அதாவது தீட்டு, கழிப்பதற்குள் சாதகம் எழுதிப் பார்ப்போம், எழுத்து என்னவென்று தெரிந்த பின் பேசுவோம் என்று முடிவாயிற்று. மகள் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாத காலம். ஆகவே நானும் சம்பந்தி அம்மாவும் மருமகனும் பரந்தன் வழியாக பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனோம்.

கடையில் கணினியில் இருப்பது கடைக்காரரின் மகள். பிறந்த நேரத்தை வாயால் சொன்னதை அவள் ஏற்கவில்லை. கிளினிக் அட்டையை வாங்கிப் பார்த்தே பதிந்தாள். பிறந்த ஊர் என்ற இடத்தில் கொழும்பு என்று இருந்ததை மாற்றி, கிளிநொச்சிக்குரிய அகலாங்கையும் நெட்டாங்கையும் இட்டாள். பிறகு கேட்டாள்: “வாக்கியமா, திருக்கணிதமா?”

இதைக் கேட்காமல் கணித்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாக்கியங்களின்படி கணிப்பது. திருக்கணிதம் கோள்களை அவதானித்துத் திருத்தப்பட்ட கணிதத்தில் நிற்பது. இரண்டுக்கும் நட்சத்திரம் முடியும் நேரம் சில வேளைகளில் மணித்தியாலக் கணக்கில் வேறுபடும். எங்கள் பேத்தி அந்த இடைவெளிக்குள்தான் பிறந்திருக்கிறாள். வாக்கியப்படி ஆயிலியம் நான்காம் பாதம், அதாவது அந்த நட்சத்திரத்தின் கடைசிக் காற்பங்கு. திருக்கணிதப்படி மகம் முதலாம் பாதம். ஒன்றுக்கு எழுத்து ‘டோ’, மற்றதற்கு ‘ம’.

சம்பந்தி அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆயிலியத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் கேட்காதவர் இல்லை. அவருடைய சொந்தத் தங்கையின் கலியாணம் அந்த ஒரு சொல்லால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போனதாம். அதை அன்றுதான் எனக்குச் சொன்னார். மகம் என்று எழுதிவிட்டால் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. மருமகனும் அதைத்தான் மெதுவாகச் சொன்னார்.

உள்ளே பஞ்சாங்கத்தோடு இருந்த தகப்பன் எழுந்து வந்தார். கணினி தந்த நட்சத்திர முடிவை அச்சுப் பஞ்சாங்கத்தில் தன் கையால் ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா, இரண்டும் எழுதித் தருகிறேன். ஆனால் எதைப் பிடிக்கிறீர்களோ அதையே கடைசி வரை பிடியுங்கள். பொருத்தம் பார்க்கும் காலத்தில் ஒன்றை விட்டு மற்றதைத் தூக்கக் கூடாது.”

சம்பந்தி அம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கள் வீட்டில் திதி, திவசம் எல்லாம் வாக்கியம். பிள்ளைக்கு மட்டும் வேறா? ஆயிலியம் என்றே எழுதுங்கள்” என்றார். அந்த இடத்தில் அவர் மேல் எனக்கு வந்த மதிப்பு சிறிதல்ல. தங்கைக்கு நேர்ந்ததை நினைவில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வதற்கு நேர்மை வேண்டும்.

இனி, நான் குறை சொல்ல வேண்டிய பகுதி. சாதகத்துக்கு 2000 ரூபா, அது தகும். பெயர்ப் பட்டியலுக்குத் தனியாக 500 ரூபா வாங்கினார்கள், அது தகாது. ஆயிலியத்துக்குரிய டி, டு, டே, டோ என்ற எழுத்துகளில் தாள் தாளாக அச்சடித்துத் தந்தார்கள். டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கண வகுப்பில் முதலில் படிப்பிப்பது. ஆகவே பட்டியல் முழுவதும் பொருளற்ற ஒலிக்கட்டுகள். ஒரே பெயர் ஓரெழுத்து மாறித் திரும்பத் திரும்ப வருகிறது. எந்தப் பெயருக்கும் பொருள் போடவில்லை. பொருள் இருந்தால்தானே போடுவது. வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது தங்கள் பெயரின் பொருள் கேட்டால் தலை குனிந்த பிள்ளைகளை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தது இந்த மாதிரிப் பட்டியல்கள்தான். 1990களில் வன்னியில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. அதே மண்ணில் இப்படி ஒரு தாளை விற்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. கணினியில் இருந்த பிள்ளையிடமே சொன்னேன். “வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் அம்மா” என்றாள்.

பட்டியலைப் பார்த்த சம்பந்தி அம்மாவும் ஒன்றையும் வாய்விட்டு வாசிக்கவில்லை. “இதில் எதை நான் கூப்பிடுவது?” என்றார். அத்தோடு எழுத்துப் பிரச்சினை தீர்ந்தது. எழுத்து முறை ஒரு வழக்கம்தான், சாதகத்தில் ஒரு பெயரும் பதிவில் ஒரு பெயருமாக வைக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு என்று தகப்பனும் சொன்னார். எது நல்லது என்று மருமகன் கேட்டபோது அவர் பதில் சொல்ல மறுத்தார். பெயர் உங்கள் வீட்டு அலுவல் என்றார்.

கனடாச் சித்தப்பா கைத்தொலைபேசியில் அழைத்து எண் கணிதம் பார்க்கச் சொன்னார். இவர்கள் அதையும் ஆங்கில எழுத்துகளை வைத்துத்தான் கூட்டுகிறார்கள். Ampal என்று ஐந்து எழுத்தாக எழுதினால் கூட்டு 17, அதாவது 8. சனியின் எண். முன்னால் இன்னுமொரு ‘ஏ’ சேர்த்தால் 18, அதாவது 9. எண்ணில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஆகாரம் நெடில் என்பதால் இரண்டு ‘ஏ’ போடுவதே சரி என்று நானும் சம்மதித்தேன்.

இந்தக் கடையை நான் மனமாரப் பரிந்துரைப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சாதகங்கள் எல்லாம் 2009இல் போய்விட்டன. பெட்டியோடு விட்டு ஓடியவர்கள் நாங்கள் மட்டுமல்ல. நாங்கள் காத்திருந்தபோதே இன்னொரு தாய் தன் மகனுக்குப் புதிதாக எழுதுவிக்க வந்திருந்தாள். பேத்தியினுடையதோடு என் மகளின் சாதகத்தையும் மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்து, 1997இல் புதுக்குடியிருப்பில் பிறந்தவள் என்று நாளையும் நேரத்தையும் சொன்னேன். கடைப் பிள்ளை உடனே நிமிர்ந்து, “பழைய நேரமா, புதிய நேரமா?” என்று கேட்டாள்.

இளையவர்களுக்கு இது தெரிந்திருக்காது. 1996இல் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, பின்னர் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. 2006 வரை அது நீடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அந்த மாற்றம் ஏற்கப்படவில்லை. பழைய நேரமே நடந்தது. கணினியோ அந்தப் பத்து வருடத்துக்கும் அரசாங்க நேரத்தைத்தான் எடுக்கும். மருத்துவிச்சி எங்கள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்ன நேரத்தை அப்படியே கொடுத்திருந்தால் அரை மணித்தியாலம் பிழையாகியிருக்கும். ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்சத்தில் இலக்கினம் ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் மாறுவது. அரை மணித்தியாலம் என்றால் வேறொருத்தியின் சாதகம். வன்னியில் பிறந்தவர்களுக்கு வன்னியின் மணிக்கூட்டைத் தெரிந்தவர்கள் கணிக்க வேண்டும் என்பதை அன்று கண்டேன். கடைப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் வயதே இருந்திருக்காது. தகப்பன் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இடவசதி குறைவு. இரண்டு கதிரைகள்தான், வயதானவர்கள் நிற்க வேண்டி வருகிறது. மின்சாரம் நின்றால் வேலையும் நிற்கும். சாதகக் கொப்பியின் எழுத்து தெளிவாக இருக்கிறது, திசை இருப்பு, அதாவது பிறக்கும்போது நடந்த கிரக திசையில் மீதியுள்ள காலம், வருடம், மாதம், நாளாகப் போடப்பட்டிருக்கிறது, எழுத்துப் பிழை இல்லை. பிறப்புப் பதிவை மூன்று மாதத்துக்குள் செய்யுங்கள், பிந்தினால் காலங்கடந்த பதிவுக்கு அலைய வேண்டும் என்று கேட்காமலே சொன்னார்கள். பெயரில் இணக்கம் வராத வீடுகள் அதற்காகப் பதிவைத் தள்ள வேண்டாம், பெயரைப் பிறகு சேர்க்கவும் மாற்றவும் சட்டத்தில் வழி இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

பிறப்புச் சான்றிதழில் ஆம்பல் என்றே பதிந்தோம். துடக்குக் கழிவன்று மருமகன் பிள்ளையின் காதில் அந்தப் பெயரைச் சொன்னார். சம்பந்தி அம்மா பிள்ளையின் கழுத்தில் பஞ்சாயுதப் பதக்கம் போட்டுவிட்டு, தன் தாயின் பெயரான மனோன்மணி என்று அழைத்தார். வீட்டுப் பெயராக அதுவும் நிற்கிறது. அப்பப்பா எந்தப் பெயரும் சொல்லாமல் தூக்கி வைத்திருக்கிறார். கனடாச் சித்தப்பா இன்னும் ‘மாயா எப்படி இருக்கிறாள்’ என்றுதான் கேட்கிறார், என் மகள் ஒவ்வொரு முறையும் ‘ஆம்பல் நன்றாக இருக்கிறாள்’ என்று திருத்துகிறாள்.

போகிறவர்கள் கிளினிக் அட்டையைக் கட்டாயம் கொண்டு போங்கள். 1996க்கும் 2006க்கும் இடையில் வன்னியில் பிறந்தவர்களுக்கு எழுதுவிப்பதானால், எந்த மணிக்கூட்டில் பார்த்த நேரம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். பெயர்ப் பட்டியலும் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.