பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் ஆடிஷனுக்கு: பஸ்ஸா, செல்ஃப் டேப்பா?

தமிழ் நாடகத்திலோ டெலிமூவியிலோ நடிக்க ஆசைப்படும் பினாங்குக்காரனுக்கு முதல் வில்லன் தூரம்தான். அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம் அங்காசாபுரியில், கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோ புக்கிட் ஜாலிலில். சின்னச் சின்னத் தயாரிப்பு நிறுவனங்களும் பெரும்பாலும் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில்தான். 2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வரும்வரை, ஆடிஷன் என்றால் பஸ் ஏறியாக வேண்டும். ஆணை போய்விட்டது. ஆனால் எனக்கு வரும் அழைப்புகளில் முதல் சுற்று இன்றுவரை கைப்பேசியிலேயே, நாமே நடித்துப் படம்பிடித்து அனுப்பும் செல்ஃப் டேப்பாக நடக்கிறது.

முதலில் பஸ் கணக்கு. நள்ளிரவில் ஏறினால் சுமார் ஐந்து மணி நேரத்தில் கோலாலம்பூரின் டிபிஎஸ் பஸ் நிலையம். அங்கேயே கழிவறையில் முகம் கழுவி, சட்டை மாற்றி, எல்ஆர்டி ரயில் பிடிக்க வேண்டும். டிக்கெட், சாப்பாடு, ஒருநாள் சம்பளமில்லா விடுப்பு எல்லாம் சேர்த்தால் இருநூறு வெள்ளி (ரிங்கிட்) காணாமல் போகும். ஒருமுறை ஒரு கடைவீட்டு மாடியில் சட்டையில் எண் ஒட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நின்றது மூன்று நிமிடம் இருக்கலாம்.

ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் கத்தும் காட்சி. தொண்டை நரம்பு புடைக்கக் கத்தி முடித்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர், “சரி தம்பி, இப்ப அதையே சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க. அப்பா முகத்தைப் பார்க்காதீங்க” என்றார். இல்லாத தட்டில் இல்லாத சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னேன். அதே வசனம் வேறு ஆளுடையதாக வந்தது. அந்த மகன் வேடம் எனக்குக் கிடைக்கவில்லை. வாசலில் நான் தே தாரிக் பொட்டலத்தோடு நின்று யாரோடோ அரட்டை அடித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார் போல. இரண்டு வாரம் கழித்து லாரி டிரைவர் வேடத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் கேட்காத வேடம் அது. செல்ஃப் டேப்பில் இது எப்படி நடக்கும்? கோப்பின் பெயரிலேயே வேடத்தின் பெயரையும் எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். மகனுக்கு என்று போனது மகனுக்காகவே பார்க்கப்படும், இல்லையென்றால் ஓரம்கட்டப்படும்.

இனி வீட்டு ஆடிஷன். கைப்பேசியைப் படுக்கவாட்டில் வை, நெஞ்சுக்கு மேலே தெரியட்டும், பின்னால் வெறும் சுவர், எதிராளியைப் பார்ப்பதுபோல் லென்ஸுக்குப் பக்கத்தில் பார். விதியெல்லாம் எளிதுதான். எங்கள் வீட்டில் வெறும் சுவர் ஒன்றே ஒன்று, அதுவும் அம்மாவின் அறையில். மின்விசிறியை நிறுத்தினால்தான் சத்தம் சுத்தமாக வரும். நிறுத்திய இரண்டாவது நிமிடம் நெற்றி பளபளக்கும். எதிராளியின் வசனத்தைப் படிக்கத் தங்கச்சிதான். கொலைகார போலீஸ்காரர் வசனத்தை வானிலை அறிக்கை மாதிரி வாசிப்பாள். பதினோராவது டேக்கில் எனக்கு எல்லாம் கூடி வந்தபோது தகரக் கூரையில் மழை. ஏழாவது டேக்கைத்தான் அனுப்பினேன்.

இவ்வளவு கேலி பேசினாலும், செல்ஃப் டேப் எனக்குக் கொடுத்தது அதிகம். பஸ் காலத்தில் வருடத்துக்கு மூன்று ஆடிஷன் போனால் பெரிது. இப்போது மாதத்துக்கு ஒன்று அனுப்ப முடிகிறது. மோசமான டேக்கை யாரும் பார்க்கப் போவதில்லை. (ஒரு யோசனை: வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படத்தை நசுக்கிவிடும். அதையே ‘டாக்குமெண்ட்’ என்று இணைத்து அனுப்புங்கள், முகம் முகமாகப் போய்ச் சேரும்.)

எனக்குக் கடுப்பு வேறு இடத்தில். இடம், விளக்கு, கேமரா, எதிராளி எல்லாம் முன்பு தயாரிப்பாளர் செலவு. இப்போது நம் தலையில். அமெரிக்காவில் சாக்-அஃப்ட்ரா நடிகர் சங்கம் 2023-இல் ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை வேலைநிறுத்தம் செய்து முடித்த ஒப்பந்தத்தில் இதற்கும் வரம்பு போட்டார்கள். செல்ஃப் டேப் முதல் சுற்றுக்கு எட்டுப் பக்க வசனத்துக்கு மேல் கேட்கக் கூடாது, மனப்பாடம் கட்டாயமில்லை, குறைந்தது 48 மணி நேர அவகாசம் வேண்டும். நமக்கு இரவு பத்து மணிக்கு வசனம் வரும், “காலைக்குள்ள அனுப்பிடுங்க தம்பி” என்று. அனுப்பினால் இரண்டு நீல டிக். அதோடு சரி. நேரில் போனால் ‘இல்லை’ என்பதை முகத்திலாவது படித்துவிடலாம்.

ஸூமில் நேரலையாக நடக்கும் வீடியோ ஆடிஷனைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும். என் முறை வரும்போது ஒருமுறை அப்படித்தான் ஆனது. ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கே பாயும் சண்டைக் காட்சியை அதில் செய்யவே முடியாது, குரல் ஒரு கணம் தள்ளித்தான் போய்ச் சேரும். ஆனாலும் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார், ‘வேறு மாதிரி செய்’ என்பார். அதற்காகவே செல்ஃப் டேப்பை விட ஸூமை விரும்பும் நண்பர்கள் உண்டு.

பெண்களுக்குக் கணக்கு இன்னும் வேறு. முன்பின் தெரியாத அலுவலகத்துக்குத் தனியாகப் போக வேண்டாம் என்பது நிம்மதிதான். ஆனால் ‘உடை அளவுக்கு’ என்று சொல்லி ஒருவர் வேண்டாத வீடியோ கேட்டதாக எங்கள் நாடகக் குழுவில் ஓர் அக்கா சொன்னார். நேரில் போனால் துணைக்கு ஆள் கூட்டிப் போகலாம். அனுப்பிய வீடியோவுக்கு யார் துணை? பதிவுக் கட்டணம் கேட்பவர்களை எந்த வழியில் வந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

நான் இப்போது முதல் சுற்றுக்குத் தயங்காமல் செல்ஃப் டேப்தான் அனுப்புகிறேன். இரண்டாம் சுற்று என்று கூப்பிட்டால், “ஸூம் போதும்” என்று அவர்களே சொன்னாலும், நேரில் வரலாமா என்று கேட்பேன். போன மாதம் அப்படிக் கேட்டேன். “அவ்வளவு தூரத்திலிருந்தா?” என்றார் மறுமுனையில் இருந்தவர். ஆமாம் அண்ணே, டிக்கெட் வாங்கியாச்சு என்றேன். அப்போது வாங்கியிருக்கவில்லை.