ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஆறு வருடம்: இன்குளூட் பாத் படுத்திய பாடு

ஒரு ஜவுளிக் கடையின் பில் போடும் தளத்தை ஆறு வருடமாக ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வரில் ஓட்டுகிறேன். கொடுக்கிற காசுக்கு வேகமும் இடமும் தாராளம். தூக்கத்தைக் கெடுத்தது இன்குளூட் பாத் ஒன்றுதான், அதாவது தளம் எழுதிய பிஎச்பி மொழி தன் லைப்ரரி கோப்புகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்: லைப்ரரி கோப்பு கண்ணெதிரே இருக்கும், சர்வர் மட்டும் 'காணோம்' என்று சாதிக்கும்.

முதல் வாரமே ஆரம்பித்தது. என் விண்டோஸ் கணினியில் ஓடிய தளம் சர்வரில் ஏறியதும் படுத்துவிட்டது. ஃபோல்டர் பெயர் பெரிய எழுத்தில், கோடில் சின்ன எழுத்தில். விண்டோஸ் கண்டுகொள்ளாது, சர்வரில் இருக்கும் லினக்ஸ் விடாது. அந்தப் பட்டியலில் பாதைகளைப் பிரிக்க விண்டோஸில் அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி என்பது அப்புறம்தான் உறைத்தது.

சரி, சர்வர் மென்பொருளான அப்பாச்சிக்குக் கட்டளை எழுதும் எச்டிஆக்சஸ் (.htaccess) கோப்பில் இன்குளூட் பாத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். மொத்தத் தளமும் 500 பிழை. அந்த வரி பிஎச்பி அப்பாச்சிக்குள்ளேயே மாட்யூலாக ஓடினால்தான் செல்லும். எங்கள் சர்வரில் ஃபாஸ்ட்சிஜிஐ, அதாவது பிஎச்பி தனியாக ஓடும் முறை. அதற்கு யூசர் ஐஎன்ஐ (.user.ini) என்ற பிஎச்பி அமைப்புக் கோப்பு வேண்டும். அதிலும் ஒரு கூத்து. மாற்றுவேன், ரீஃப்ரெஷ் செய்வேன், பலிக்காது. மறுபடி வேறு மாதிரி மாற்றுவேன். பிஎச்பி அந்தக் கோப்பை வழக்கமாக 300 விநாடிக்கு ஒரு முறைதான் திரும்பப் படிக்கும். நான் சரியாக எழுதியதை நானே மூன்று முறை அழித்திருக்கிறேன்.

மூன்றாம் வருடம் நிறுவனம் சர்வரை மாற்றியது. 'ஹோம்' என்று தொடங்கிய பாதை 'ஹோம்2' ஆனது. முழுப் பாதையை எழுதி வைத்திருந்த இடமெல்லாம் உடைந்தது. அன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் 'டிர்' (__DIR__) மாறிலிக்கு மாற்றினேன். பிஎச்பி 5.3-இலிருந்தே இருக்கிறது, கோப்பு தான் இருக்கும் ஃபோல்டரைத் தானே சொல்லும். சோம்பேறித்தனத்தால் தள்ளிப்போட்டது.

க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) வழியாக இரவு அறிக்கை போடும் கோப்பு ஒன்றை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டேன். பிரவுசரில் திறந்தால் ஓடும், இரவில் ஓடாது. அதில் இருந்ததுபோல் இரண்டு புள்ளியில் (../) தொடங்கும் பாதை இன்குளூட் பாத்தை எட்டிக்கூடப் பார்க்காது. நடப்பு ஃபோல்டரிலிருந்துதான் எண்ணும். பிரவுசர் வழியாக வந்தால் அது ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர், க்ரான் வழியாக வந்தால் கணக்கின் ஹோம் ஃபோல்டர். சப்போர்ட்டில் கேட்டபோது 'கேஷ் க்ளியர் செய்து பாருங்கள்' என்றார்கள்.

அடுத்த வருடத்துக்கும் புதுப்பித்துவிட்டேன்.